பசுமலைக்கு வராத அமெரிக்கர்கள்

கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி "அமெரிக்கன் காலேஜ் எந்தப் பக்கம்ணே?" என்று கேட்கிற யாரும் அந்த முதல் சொல்லைப் பற்றி யோசிப்பதில்லை. மதுரையை ஆண்டது பிரிட்டிஷ்காரன். காலேஜ் மட்டும் ஏன் அமெரிக்கன்? அந்த ரோட்டில் பல வருஷம் டவுன் பஸ்ஸில் போய்வந்த எனக்கே, இன்ஜினியரிங் முடித்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இந்தக் கேள்வி வந்தது. அதுவும் மார்மன்களைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில்.

படிக்கப் போனதற்குக் காரணம் என் அத்தை மகன். பெங்களூரில் அந்தச் சபையில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். அத்தை அழுதார். மாமா அவனோடு பேசுவதை நிறுத்தினார். "நீதான் தெனமும் அமெரிக்காக்காரன்கூடப் பேசுறியே, என்ன ஏதுன்னு விசாரிச்சுச் சொல்லு" என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. கேள்விகள் நாலு. இவங்க கிறிஸ்தவங்களா இல்லையா? எத்தனை பொண்டாட்டி கட்டணும்? காபி, டீ குடிக்கக் கூடாதாமே? நாளைக்கு மாமாவுக்குத் திதி குடுப்பானா? கடைசிக் கேள்வி மாமாவுடையது, அத்தை வாய் வழியாக வந்தது.

1806-இல் மாசசூசெட்ஸின் மேற்குக் கோடியில், வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் மழைக்கு ஒரு வைக்கோல்போர் அடியில் ஒதுங்கினார்கள். அங்கே செய்த ஜெபத்தில் ஆசியாவுக்கு ஊழியம் போகும் ஆசை முளைத்ததாகச் சொல்வார்கள். அந்த ஆசை 1810-இல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கமானது. 1816-இல் அதன் ஆட்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து, தமிழ் படித்து, பள்ளிக்கூடங்கள் வைத்தார்கள். 1834 ஜூலையில் அங்கிருந்து கடல் தாண்டி மதுரைக்கு வந்தார்கள். திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845-இல் பசுமலைக்கு மாறியது. 1881-இல் பசுமலையில் கல்லூரி வகுப்பு, 1909-இல் அது கோரிப்பாளையத்துக்கு. நம்ம அமெரிக்கன் காலேஜின் பூர்வீகம் அந்த வைக்கோல்போர்தான்.

அதே காலம், பக்கத்து மாநிலம். 1805-இல் வெர்மான்டில் பிறந்த ஜோசப் ஸ்மித்தின் குடும்பம் பிழைப்புக்காக நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. எழுப்புதல் கூட்டங்கள் அலையலையாக அடித்த வட்டாரம் அது. பற்ற வைக்க இனி விறகே இல்லை என்பதுபோல 'எரிந்து முடிந்த ஜில்லா' என்றே பின்னால் பெயர் வைத்தார்கள். எந்தச் சபை சரி என்று பதினாலு வயதில் குழம்பிய பையனுக்குத் தரிசனம் கிடைத்தது. எதுவுமே சரியில்லை என்று பதில் வந்தது. பிறகு ஒரு தேவதூதன், மலையில் புதைந்திருந்த பொன் தகடுகள், அவற்றின் மொழிபெயர்ப்பாக 1830-இல் மார்மன் புத்தகம். அதே வருஷம் ஏப்ரல் 6-இல் சபை. ஒரே தீயிலிருந்து இரண்டு பொறிகள். ஒன்று பசுமலையில் விழுந்தது, இன்னொன்று விழவில்லை.

புத்தகம் சொல்வது இது: கி.மு. 600 வாக்கில் எருசலேமிலிருந்து ஒரு குடும்பம் கப்பலேறி அமெரிக்கக் கண்டத்துக்குப் போனது. அவர்களுடைய சந்ததிக்கு உயிர்த்தெழுந்த இயேசு காட்சி தந்தார். தொல்லியலில் இதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்கப் பழங்குடிகளின் மரபணு ஆசியாவைத்தான் காட்டுகிறது. முன்னுரையில் அந்த மக்களைப் பழங்குடிகளின் 'முதன்மை மூதாதையர்' என்று அச்சிட்டு வந்த சபையே, 2006 வாக்கில் அதை 'மூதாதையர்களில் சிலர்' என்ற பொருள்படத் திருத்திக்கொண்டது. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் சிரிக்கவும் முடியவில்லை. கடல் கொண்ட தென்மதுரையையும் கபாடபுரத்தையும் நம்பி வளர்ந்த ஊர்க்காரன் நான். கீழடியில் குழி இறங்க இறங்கச் செங்கல் வந்தது. முதல் இரண்டு சங்கங்களுக்கு ஒரு ஓடுகூட வரவில்லை. அதற்காகக் குமரிக்கண்டத்தை விட்டுக்கொடுத்த சித்தப்பா யாரையாவது நீங்கள் பார்த்ததுண்டா?

கிறிஸ்தவர்களா என்றால், அவர்கள் ஆம் என்கிறார்கள். சபையின் பெயரிலேயே இயேசு கிறிஸ்து இருக்கிறார். 'மார்மன்' என்று கூப்பிட வேண்டாம் என்று 2018-இல் அவர்கள் தலைவர் கேட்டுக்கொண்டார். மற்ற சபைகளில் பல இல்லை என்கின்றன. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவக் கொள்கையை இவர்கள் ஏற்பதில்லை. மூவரும் தனித்தனி ஆட்கள், நோக்கத்தில் மட்டும் ஒன்று. 2001-இல் வத்திக்கான் இவர்களுடைய ஞானஸ்நானம் செல்லாது என்று அறிவித்தது. அத்தைக்கு இதைச் சொன்னபோது, "அப்ப அங்கயும் பங்காளிச் சண்டதானா" என்றார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

பொண்டாட்டி விஷயத்துக்கு ஒரு தேதி வேண்டும்: 1852 ஆகஸ்ட். ஜோசப் ஸ்மித்தை 1844-இல் இல்லினாய்ஸ் சிறையில் ஒரு கும்பல் சுட்டுக் கொன்றுவிட்டது. பிரிகாம் யங் மிச்சப் பேரை மேற்கே கூட்டிப்போய் 1847-இல் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் குடியேற்றினார். அந்த சால்ட் லேக் சிட்டியில் 1852 ஆகஸ்ட் கடைசியில் ஒரு சிறப்பு மாநாடு கூடியது. உலகமெங்கும் போக ஊழியர்களை அங்கே நியமித்தார்கள், அதில் இந்தியாவும் உண்டு. அதுவரை ரகசியமாக இருந்த பலதார மணத்தைப் பகிரங்கமாக அறிவித்ததும் அதே மாநாட்டில்தான். கப்பலேறப் போகிறவன் கையில் பைபிளையும் பையில் அணுகுண்டையும் கொடுத்து அனுப்பிய மாதிரி.

1853 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு ஏப்ரலில் கல்கத்தா சேர்ந்தார்கள். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் மதராஸுக்கு வந்தார். உப்பு ஏரிப் பள்ளத்தாக்கில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். பணப்பை இல்லாமல் ஊழியம் போவது அவர்களுடைய விரதம். கம்பெனி ஆட்சி நடந்த மதராஸில் கையில் காசில்லாத வெள்ளைக்காரன் என்றால் வெள்ளைக்காரர்களுக்கே கேவலம். இங்கிலீஷில் பிரசங்கம் செய்தார், இங்கிலீஷில் துண்டுப் பிரசுரம் அச்சிட்டார், கேட்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர்கள். பலதார மணச் செய்தியும் வந்து சேர்ந்துவிட்டிருந்தது. ஒரு வருஷம் தாக்குப்பிடித்து, மிகச் சிலருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, 1854 ஜூலையில் கிளம்பிவிட்டார். இரண்டொரு வருஷத்தில் இந்தியாவுக்கு வந்த மற்றவர்களும் திரும்பினார்கள்.

என் கணிப்பில் பலதார மணத்தைவிடப் பெரிய தடை, சேர்ந்தவர்கள் ஊரை விட்டு 'சீயோனுக்கு', அதாவது யூட்டாவுக்கு, வந்து கூட வேண்டும் என்ற அக்காலக் கொள்கை. அமெரிக்கன் போர்டுக்காரர்கள் மதுரைக்கு வந்து கிடந்தார்கள். டேனியல் பூர் யாழ்ப்பாணத்திலிருந்து தமிழோடு வந்து இங்கே பள்ளிக்கூடமாக வைத்துக்கொண்டே போனார். பிறகு ஆஸ்பத்திரி வந்தது, பெண்கள் பள்ளி வந்தது. இவர்களோ 'எங்க ஊருக்கு வா' என்றார்கள். ஊரை விட்டுப் போவது நம்மாட்களுக்குப் பழக்கமில்லாத காரியமல்ல. அதே 1840, 50-களில் மதுரை, ராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள் கூட்டங்கூட்டமாக இலங்கைக்குப் போனார்கள், காப்பித் தோட்டங்களுக்கு. மன்னாரிலிருந்து காட்டு வழியாகக் கண்டி மலைக்கு நடந்ததில் செத்தவர்கள் ஏராளம். பஞ்சம் தள்ளியது, கங்காணி இழுத்தான். பரலோகத்துக்காக அமெரிக்காவுக்குக் கப்பல் சத்தம் கொடுக்க யாரிடம் காசு இருந்தது?

மாமாவுக்குச் சொன்ன பதில்: ஒரு பொண்டாட்டிதான். 1890-லேயே சபை பலதார மணத்தை நிறுத்துவதாக அறிக்கை விட்டுவிட்டது, இன்று செய்தால் நீக்கிவிடுவார்கள். 1879-இல் ரெனால்ட்ஸ் என்ற மார்மனின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மத நம்பிக்கை என்று சொல்லிப் பலதார மணம் செய்ய முடியாது என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பில் நாமும் இருக்கிறோம். பலதார மணம் ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வழக்கம் என்று எழுதிய நீதிபதி, உதாரணத்துக்கு உடன்கட்டை ஏறுவதையும் இழுத்தார். மார்மன்கள் எங்களை மாதிரி இல்லை, உங்களை மாதிரி என்பதுதான் சாராம்சம். மதராஸ் மாகாணத்தில் இந்து ஆண் இரண்டாவது கல்யாணம் செய்வதைச் சட்டம் தடுத்தது 1949-இல். எங்கள் வீட்டிலேயே மூத்தாள், இளையாள் என்று இரண்டு பாட்டிகள் உண்டு. பசுமலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், திருப்பரங்குன்றத்தில் வருஷா வருஷம் தெய்வானைக்குத் திருக்கல்யாணம் செய்துவைக்கிறோம். வள்ளி கதை தனி. 'எத்தனை பொண்டாட்டி' என்ற கேள்வியை நாம் கொஞ்சம் அடக்கித்தான் கேட்க வேண்டும்.

காபி விவகாரம் 1833 பிப்ரவரியில் ஒஹையோவின் கர்ட்லாண்டில் தொடங்குகிறது. ஜோசப் ஸ்மித் மாடியறையில் வகுப்பு எடுப்பார். வந்தவர்கள் புகையிலையை மென்று தரையெல்லாம் துப்பி வைக்க, சுத்தம் செய்து அலுத்த மனைவி எம்மா சத்தம் போட்டதாகப் பிரிகாம் யங் பின்னாளில் சொன்னார். வெற்றிலை எச்சில் படிந்த நம்ம பஸ் ஸ்டாண்டு மூலைகளைப் பார்த்தவர்களுக்கு எம்மாவின் கோபம் புரியும். அதன்பின் வந்த வெளிப்பாட்டில் மது, புகையிலையோடு 'சூடான பானங்களும்' விலக்கு. அவை டீயும் காபியும் என்று விளக்கம் கொடுத்தார்கள். சூடான பால் குடிக்கலாம், ஐஸ் போட்ட டீ கூடாது. கோலா குடித்தால் தப்பில்லை. கம்பைலர் எர்ரர் மாதிரி, விதி எழுத்துக்கு எழுத்து இருக்கிறது, தர்க்கம் பிடிபடவில்லை. ஆனால் ஒரு குழு தன்னைக் குழுவாக வைத்துக்கொள்ளத் தர்க்கம் தேவையில்லை. ஒருவன் உள்ளே இருக்கிறானா என்று தினமும் நாலு தடவை சோதிக்கிற கருவி டீ. நாலு டீக்கு நடுவில் நகர்கிற மதுரைப் பகலில் இது சாதாரண விலகல் இல்லை. அத்தை இப்போது அவனுக்குச் சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்டுத் தருகிறார், காப்பித்தூள் சேர்க்காமல்.

அவர்கள் கோவிலில் உறுதிமொழி எடுத்தபின் அணிகிற உள்ளாடையைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. பூணூலையோ தாலியையோ பார்த்து வெளியூர்க்காரன் சிரித்தால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும்.

மாமாவின் கேள்விதான் கனம். செத்தவர்களைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற இன்னொரு கிறிஸ்தவக் கூட்டத்தை நான் படித்ததில்லை. குடும்பம் சாவோடு முடிவதில்லை என்பது இவர்கள் நம்பிக்கை. சத்தியத்தைக் கேட்காமல் போய்ச் சேர்ந்த முன்னோருக்காக, உயிரோடிருப்பவர் ஒருவர் கோவிலில் முழுகி ஞானஸ்நானம் எடுக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்மாவின் விருப்பம். அதற்குப் பெயர்கள் வேண்டும். அதனால் 1894-இல் வம்சாவளிச் சங்கம் வைத்து, உலகமெங்கும் ஆவணங்களைப் படம் எடுத்தார்கள். 1977-லிருந்து ஹரித்வார் பண்டாக்களின் ஏடுகளையும். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் நிற்கிறவருக்கு இதெல்லாம் அந்நியமாகவே இருக்காது. தர்ப்பணத்துக்கு மூன்று தலைமுறை பெயர் போதும். இவன் அனுப்பிய படிவம் அதற்கும் மேலே போனது, பெண்களின் பெயரோடு. மாமாவின் பாட்டி பெயரே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. 'அப்பத்தா' என்று மட்டும்தான் தெரியும்.

ஆனால் யாருடைய செத்தவர்கள்? நாஜிகள் கொன்ற யூதர்களின் பெயர்கள் இந்தச் சடங்கில் சேர்ந்தது வெளியே தெரிந்து, 1995-இல் யூத அமைப்புகளோடு உடன்பாடு செய்ய வேண்டியதாயிற்று. 2012-இல் காந்திக்கும் செய்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. காந்தி மேல்சட்டையைக் கழற்றியது 1921 செப்டம்பரில் இதே மதுரையில். சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி ராணி மங்கம்மாள் அரண்மனையில், காந்தி மியூசியத்தில் இருக்கிறது. மதமாற்றத்தைப் பற்றி வாழ்நாள் முழுக்க வாதாடிய மனுஷனை, வாதாட முடியாத நேரமாகப் பார்த்துத் தண்ணீரில் முக்குவது எனக்கு ஒப்பவில்லை. சொந்த முன்னோரை மட்டுமே சேர்க்க வேண்டும், பிறந்து 110 வருஷம் ஆகாதவர் என்றால் நெருங்கிய உறவினர் சம்மதம் வேண்டும் என்று சபை விதி வைத்திருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். "அப்ப எங்கய்யாவுக்கு நான் ஒத்துக்கிட்டாத்தான?" என்றார். ஆமாம் என்றேன். ஒத்துக்கவில்லை. மகனிடம் அதை நேரில் சொல்ல, ஏழு மாதத்துக்குப் பிறகு போனை எடுத்தார்.

தமிழ்நாட்டில் இந்தச் சபை பிழைத்தது ஒரு தாளால். கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்பவர் 1950-களில் ஒரு பழைய புத்தகத்துக்குள் இவர்களுடைய துண்டுப் பிரசுரத்தைக் கண்டெடுத்தார். சால்ட் லேக் சிட்டிக்குக் கடிதம் எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். 1965-இல் ஞானஸ்நானம் கிடைத்தது. 1982-இல் மார்மன் புத்தகத்தின் சில பகுதிகள் தமிழில் வந்தன, பாலன்டைன் கிளம்பிப் போய் 128 வருஷம் கழித்து. பெங்களூரில் கோவில் கட்டப்போவதாக 2018-இல் அறிவித்து 2020-இல் பூமி பூஜை போட்டார்கள் (அவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்).

யாரும் கேட்காத ஐந்தாவது கேள்வி சாதி. 1847-இல் மதுரை மிஷன், சாதி பார்க்கிறவனுக்குச் சபையில் இடமில்லை என்று சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைச் சோதனையாக வைத்தது. மறுத்தவர்களை நீக்கி வைத்தார்கள். சாதி போகவில்லை. தெற்கே வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோவிலுக்குள்ளேயே சுவர் இருந்து, இடித்த பிறகு வழக்கு ஹைகோர்ட் வரை போனது. மார்மன்களுக்கும் கறை உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்குக் குருத்துவம் கிடையாது என்று 1852-இல் பிரிகாம் யங் அறிவித்தது 1978 ஜூன் வரை நீடித்தது. ஆனால் அவர்கள் அமைப்பில் ஒரு விதி என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. எந்த ஆலயத்துக்குப் போவது என்பதை உறுப்பினர் தேர்ந்தெடுக்க முடியாது. வரைபடத்தில் எல்லை போட்டிருக்கிறார்கள், எந்த எல்லைக்குள் வீடு இருக்கிறதோ அந்தக் கூட்டம். அத்தை மகன் ஞாயிற்றுக்கிழமை யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதை அவனுடைய வாடகை வீட்டு விலாசம்தான் முடிவு செய்கிறது.