மூட்டைப்பூச்சிக்கு ஒரு தூரத்துச் சொந்தம்

வளைகுடாவில் பேச்சிலர் ரூமில் குப்பை கொட்டும் மக்களுக்கு மூட்டைப்பூச்சி பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஷார்ஜாவில் படிக்கிற எனக்கும் அனுபவம் உண்டு :-) இந்தப் பதிவு அதன் தூரத்துச் சொந்தம் பற்றி. பேர் 'முத்தமிடும் பூச்சி'. தூங்குறவங்க முகத்தில் கடிக்கிறதால இந்த ரொமான்டிக் பேர்!

பிரேசிலில் லஸ்ஸான்ஸ் என்ற ஊரில், இந்தப் பூச்சியின் குடலில் பார்த்த ஒட்டுண்ணியை 1909ல் ஒரு ரெண்டு வயசுக் குழந்தையின் ரத்தத்தில் கண்டுபிடித்தார் டாக்டர் கார்லோஸ் சாகஸ். பல வருஷம் கழித்து இதயத்தையே பாழாக்கும் சாகஸ் நோய் அப்படித்தான் வெளியே தெரிந்தது. கிருமி இருப்பது கடியில் அல்ல, கடித்துவிட்டுப் பூச்சி போடும் எச்சத்தில்.

விசேஷம் என்னன்னா, அதே 1909ல் நம்ம மெட்ராஸிலும் ஒருத்தர் இந்த வகைப் பூச்சியைக் குடைந்துகொண்டிருந்தார். காலா அசார் கிருமியை 1903ல் மெட்ராஸில் கண்ட சார்லஸ் டோனவன்தான் அவர். அந்தக் காய்ச்சலைப் பரப்புவது ட்ரையடோமா ரூப்ரோஃபேசியாட்டா என்ற பூச்சியோ என்று அவருக்குச் சந்தேகம். அறுத்துப் பார்த்தால் குடலில் ஒரு கிருமி! ஆனா அது எலிக்கு வருவது, காலா அசாருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. நிஜக் குற்றவாளி மணல் ஈ என்பது 1942ல்தான் உறுதியானது.

இந்த ரூப்ரோஃபேசியாட்டா கப்பல் எலிகளோடு உலகம் சுற்றிய பூச்சி. அது காணப்படும் நாடுகளில் சவூதியும் ஒன்று.

அடுத்த கதை 2002ல். தமிழ்நாட்டில் கிடைத்த ஒரு புது இனத்துக்கு லின்ஷ்கோஸ்டியஸ் கருப்பஸ் என்று பேர் வைத்தார்கள். பேரைக் கேட்டாலே நம்மூர் வாசம் அடிக்குது இல்ல? இந்தியாவில் மட்டுமே உள்ள பேரினம் இது. மற்ற முத்தப்பூச்சிகளுக்கு மார்புக்கு அடியில் ஒரு பள்ளம் இருக்கும், அலகை அதில் உரசிச் சத்தம் போடும். இதுக்கு அலகு குட்டை, பள்ளமும் கிடையாது. விவரித்தவர்களில் பிரேசில்காரர்களோடு பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் அம்புரோஸும் ஒருவர்.

பீதி வேண்டாம். சாகஸ் கிருமி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, நம்ம ஊர்ப் பூச்சிகள் அதைப் பரப்பவில்லை. ஆனா இன்றைக்கு அது மனுஷ ரத்தத்தில் ஏறி விமானத்திலேயே நாடு தாண்டுது. பிரேசிலில் ரூப்ரோஃபேசியாட்டாவிலும் அதைப் பார்த்திருக்கிறார்கள். நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் முதல் கேள்வி, 'இது எந்தப் பூச்சி?' என்பதுதான். அதுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லைன்னா, டோனவன் மாதிரி தப்பான பூச்சி பின்னாடி ஓட வேண்டியதுதான்.

உங்க ஊரில் இதுக்கு ஏதாச்சும் பேர் உண்டா? பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்கா.