டி செல் அறிதலில் இழுவிசை

வைரஸ் புகுந்த செல்லையும் நலமான செல்லையும் நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் பிரித்தறிய உதவும் இயந்திர விசை. செல்கள் தமக்குள் உள்ள புரதங்களின் துணுக்குகளை எம்எச்சி என்னும் மூலக்கூறில் ஏந்தி வெளியே காட்டும். டி செல்லின் ஏற்பி அந்தத் துணுக்கைத் தொட்டுப் பார்ப்பதோடு நிற்பதில்லை, இழுத்தும் பார்க்கிறது.

இழுத்தால் பிணைப்பு சீக்கிரம் அறும் என்பதே பொது விதி. இங்கே நடப்பது நேர்மாறு. டி செல்லைத் தூண்டவல்ல அயல் துணுக்கானால், சுமார் 10 பிக்கோநியூட்டன் வரை இழுக்க இழுக்கப் பிடி நீடிக்கும், மற்றவை நழுவிவிடும். ஒரு பிக்கோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

ஏற்பி ஒரு விசையுணரி என்று 2009இல் ஒளிக் கவ்வி ஆய்வு காட்டியது. 2014இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் செங் சூ குழுவினர் பிணைப்பின் ஆயுளையே அளந்தார்கள். நுண்குழாயின் நுனியில் உறிஞ்சிப் பிடித்த சிவப்பணுதான் அவர்களுடைய விசைமானி. அது நீளும் அளவே விசையின் அளவு.

இழுவிசை பற்றிய இந்த அறிவின் பயன் மருத்துவத்துக்கும் எட்டுகிறது. ஒட்டும் திறன் மிகுதியாக்கப்பட்ட ஓர் ஏற்பி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இதயத் தசையைத் தாக்கி உயிரிழப்பை உண்டாக்கியது. ஒட்டும் திறனை அவ்வளவு கூட்டாமல், இழுவிசையில் நீடிக்கும் பிடியை வலுப்படுத்தியே ஏற்பியைக் கூர்மையாக்கலாம் என்று 2022இல் வெளியான ஆய்வு நிறுவியது.