தமிழ்நாட்டில் கர்ப்பகால நீரிழிவுப் பரிசோதனையின் வரலாறு

கர்ப்பகால நீரிழிவு என்பது கருவுற்றிருக்கும் காலத்தில் முதன்முறையாகக் கண்டறியப்படும் இரத்தச் சர்க்கரை மிகுதியாகும். பெரும்பாலான பெண்களுக்கு இது எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. இரத்தத்தைச் சோதித்தால் மட்டுமே தெரியவரும். எனவே யாரைச் சோதிப்பது, எப்படிச் சோதிப்பது என்னும் கேள்விகளே இந்நோயின் வரலாற்றில் முதன்மையானவை. அவற்றுக்குத் தமிழ்நாடு கண்ட விடை பின்னர் இந்திய அளவில் ஏற்கப்பட்டது. அதற்கு அடிப்படையான தரவுகளுள் கொங்கு நாட்டின் ஈரோட்டுக்கும் இடமுண்டு.

தொடக்ககால அறிவு

1824-ஆம் ஆண்டு பெர்லினில் பென்னவிட்சு என்னும் மருத்துவர், கருவுற்ற காலத்தில் தீராத தாகத்துடன் வந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அவருடைய சிறுநீரில் சர்க்கரை இருந்தது. மிகப் பெரிய குழந்தை இறந்து பிறந்தது. 1922-இல் இன்சுலின் சிகிச்சை தொடங்கும் வரை, நீரிழிவு உள்ள பெண் கருவுறுவதே அரிது. கருவுற்றாலும் தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்து மிகுதி.

1964-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓ'சல்லிவன், மகான் ஆகிய இருவரும் கர்ப்பகாலச் சர்க்கரைக்கு முதல் அளவுகோலை வகுத்தனர். பிற்காலத்தில் எந்தத் தாய்க்கு நீரிழிவு வரும் என்பதைக் கணிப்பதே அதன் நோக்கம். குழந்தைக்கு ஏற்படும் தீங்கை அது கணக்கில் கொள்ளவில்லை. 9 நாடுகளில் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான பெரிய ஆய்வொன்று அக்குறையை நிரப்பியது. தாயின் சர்க்கரை ஏற ஏற, குழந்தைக்கான தீங்கும் படிப்படியாகக் கூடுகிறது என்று அது காட்டியது.

தாய்க்கும் சேய்க்கும் நேர்வது

கர்ப்பம் முதிரும்போது நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடலில் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. இதை ஈடுசெய்யும் அளவு கணையம் இன்சுலின் சுரக்காவிட்டால் சர்க்கரை ஏறுகிறது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடையும். தாயின் இன்சுலின் கடக்காது. ஆகவே கருவின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. அதனால் கரு கொழுத்து வளர்கிறது. இந்த விளக்கத்தை 1950-களில் முன்வைத்தவர் டென்மார்க்கின் பெடர்சன்.

பெரிய குழந்தையால் பிரசவம் கடினமாகும், தோள் சிக்கிக்கொள்ளலாம், அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுவிடும். ஆனால் குழந்தையின் உடலில் இன்சுலின் மிகுந்தே இருக்கும். இதனால் பிறந்த சில மணி நேரத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். விரைவில் தாய்ப்பால் கொடுப்பதும், குழந்தையின் சர்க்கரையைக் கண்காணிப்பதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன. மஞ்சள் காமாலை, மூச்சுத் திணறல் ஆகியவையும் ஏற்படலாம். தாய்க்கு இரத்த அழுத்தம் உயரும் வாய்ப்பும் கூடுகிறது.

ஈரோட்டுத் தரவு

மேலை நாடுகள் பலவற்றில் வயது, உடல் எடை, குடும்ப வரலாறு ஆகியவற்றைப் பார்த்து, ஆபத்து உள்ளவர்களை மட்டும் சோதிக்கும் வழக்கம் இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையை நிறுவிய மருத்துவர் வீ. சேஷய்யாவும் உடன் ஆய்வாளர்களும் இந்தியாவில் அது போதாது என்றனர். 2004-இல் வெளியான அவர்களது ஆய்வில், சென்னையில் 16.2 விழுக்காடு கருவுற்ற பெண்களுக்கு இந்நோய் இருந்தது. ஈரோட்டில் அது 18.8 விழுக்காடு. பெருநகரத்துக்கு வெளியே நோய் குறைவாக இருக்கும் என்று எண்ண முடியாது என்பதை இந்த எண் காட்டியது.

அடுத்து சென்னை, சைதாப்பேட்டை, திருவள்ளூர் பகுதிகளில் நடந்த சமூக ஆய்வில் நகரில் 17.8, சிறுநகர்ப் பகுதியில் 13.8, ஊரகத்தில் 9.9 விழுக்காடு எனத் தெரிந்தது. ஊரகத்திலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நோய் இருந்தது. 2007-இல் தமிழ்நாடு அரசு, அரசு மருத்துவ நிலையங்களுக்கு வரும் கருவுற்ற பெண்கள் அனைவரையும் சோதிக்க ஆணையிட்டது.

ஒரே வருகையில் சோதனை

வழக்கமான சோதனைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டும். பல முறை இரத்தம் எடுக்க வேண்டும். ஊரிலிருந்து பேருந்தில் வரும் கர்ப்பிணி, பட்டினியோடு பயணம் செய்வது கடினம். விசைத்தறியிலோ தோட்டத்திலோ வேலை செய்பவருக்கு, மறுநாள் வரச் சொன்னால் இன்னொரு நாள் கூலியும் போகும். பலர் திரும்பி வருவதில்லை.

ஆகவே சேஷய்யா குழுவினர் எளிய முறையொன்றைப் பரிந்துரைத்தனர். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ஒரு முறை மட்டும் இரத்தம் எடுக்கப்படும். டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்பகால நீரிழிவு. முதல் வருகையிலும், பின்னர் 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் சோதிக்க வேண்டும். 2014-இல் நடுவண் அரசின் வழிகாட்டி நெறிகள் இம்முறையை ஏற்றன. 2018-இல் அவை திருத்தி வெளியிடப்பட்டன.

கருத்து வேறுபாடு

2013-இல் உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்றுச் சோதனையை உள்ளடக்கிய அளவுகோலை ஏற்றது. சாப்பிட்டபின் செய்யும் ஒற்றைச் சோதனை, நோயுள்ள பலரைத் தவறவிடுகிறது என்று சென்னையிலிருந்தே ஆய்வுகள் வெளிவந்தன. துல்லியமான சோதனையைச் சிலருக்குச் செய்வதைவிட, எளிய சோதனையை அனைவருக்கும் செய்வதே பயன் தரும் என்பது மறுதரப்பு வாதம். இந்த விவாதம் இன்றும் முடியவில்லை.

பிரசவத்திற்குப் பின்

நோய் கண்டறியப்பட்டால் முதலில் 2 வார உணவு முறை. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் மருந்தோ இன்சுலினோ தரப்படும். பிரசவத்திற்குப் பின் சர்க்கரை பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பும். ஆனால் இவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 7 மடங்குக்கும் மேல் என 2009-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. இக்குழந்தைகளுக்கும் வளர்ந்தபின் உடற்பருமனும் நீரிழிவும் வரும் வாய்ப்பு கூடுதல். எனவே 6 வாரம் கழித்துத் தாயை மீண்டும் சோதிக்க வேண்டும் என வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. கைக்குழந்தையோடு இருக்கும் தாய் தனக்காக மருத்துவமனைக்குத் திரும்பி வருவது அரிது என்பதால், குழந்தையின் தடுப்பூசி நாளிலேயே தாயையும் சோதிப்பது எளிய வழியாகக் கருதப்படுகிறது.

சேஷய்யாவுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவரது பிறந்த நாளான மார்ச் 10, இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.