உடல் கடிகாரமும் இதய நோயும்

மனித உடலின் வெப்பநிலை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுரப்புநீர்களின் அளவு ஆகியவை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக ஏறி இறங்குகின்றன. இதை நடத்தும் உள்ளமைப்பு உடல் கடிகாரம் எனப்படும். இதய நோய்கள் தாக்கும் வேளையும் இதனோடு தொடர்புடையது. மாரடைப்பும் திடீர் இதய மரணமும் காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையே மிகுதி. 1997இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, அந்த 6 மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு நாளின் பிற வேளைகளைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல்.

வரலாறு

அலெக்சாந்தர் காலத்தில், அவருடைய கடற்படையைச் சேர்ந்த ஆந்திரோஸ்தெனீஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரத்தின் இலைகள் இரவில் கூம்பிப் பகலில் விரிவதைப் பதிவு செய்தார். அது புளியமரம் என்பது பெரும்பாலோர் துணிபு. 1707இல் ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஃபிளாயர் ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை வெளியிட்டார். ஐரோப்பிய மருத்துவத்தில் நாடி எண்ணிக்கைக்கு உட்பட்டதில் இந்நூலுக்குப் பெரும் பங்குண்டு. 1729இல் பிரெஞ்சு வானியலார் டி மைரான், தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை இருட்டறையில் வைத்தார். வெயில் படாமலேயே இலைகள் உரிய வேளையில் விரிந்தன. கடிகாரம் வெளியே இல்லை, உயிருக்குள்ளேயே இருக்கிறது என்ற கருத்துக்கு முதல் சோதனைச் சான்று இதுவே.

மனிதரிடம் இதைச் சோதிக்கச் சூரியனும் கடிகாரமும் அண்டாத இடம் வேண்டியிருந்தது. ஜெர்மனியின் ஆண்டெக்ஸில் யூர்கன் ஆஷோஃப் 1960களில் நிலத்தடி அறைகளில் ஆட்களைத் தங்கவைத்தார். இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம். கே. சந்திரசேகரன். மதுரைக்கு அருகே குகை வௌவால்களை ஆராய்ந்த அவரும் ஜி. மாரிமுத்துவும், குகைக்குள் அடைத்துவைத்த வௌவால், விருப்பம்போல் வெளியே பறந்து திரும்பும் தன் கூட்டத்தைக் கொண்டே நேரம் அறிகிறது என்று 1981இல் காட்டினர். ஒளி மட்டுமன்று, உறவும் கடிகாரத்தைத் திருத்தும் என்பதை நிறுவிய அரிய ஆய்வு இது. பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் மனிதர்களுக்கான தனிமை அறை அமைந்தது. நேரம் காட்டும் எதுவும் எட்டாத அவ்வறையில் தன்னார்வலர்கள் பல நாள் தங்கினர். சிலருக்கு விழிப்பும் உறக்கமும் 24 மணிநேரச் சுற்றை விட்டு வெகுவாக நீண்டன. உடல் வெப்பநிலையோ அவற்றைப் பின்பற்றாமல் தன் சுற்றிலேயே ஓடியது. உடலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சுழற்சிகள் உள்ளன, அவை ஒன்றையொன்று விட்டுப் பிரியலாம் என்ற இந்த அறிவே, பிற்காலத்தில் இரவுப்பணியும் இதயமும் பற்றிய ஆய்வுக்கு அடிப்படை.

கடிகாரத்தின் மரபணுவை ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும் 1971இல் பழ ஈக்களிடம் அடையாளம் கண்டனர். மூளையின் அடியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலுள்ள இரு சிறு நரம்புத் திரள்களே பாலூட்டிகளின் தலைமைக் கடிகாரம் என்பது 1972இல் தெரியவந்தது. ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோர் மூலக்கூறு அளவில் இதன் இயக்கத்தை விளக்கி 2017இல் நோபெல் பரிசு பெற்றனர். இதயத்தசை உயிரணுக்களிலும் தனிக் கடிகாரம் உண்டு. சுண்டெலியின் இதயத்தில் இயங்கும் மரபணுக்களில் 8 முதல் 10 விழுக்காடு வரை நாள்தோறும் ஏறி இறங்குவதாக 2002இல் கண்டனர்.

காலை உச்சம்

மாரடைப்பு வரும் நேரத்தைக் கணக்கிடுவதில் நெடுங்காலம் ஒரு தடை இருந்தது. உறக்கத்தில் தொடங்கிய அடைப்பை விழித்தபின் உணர்ந்தவர், காலையில்தான் வந்தது என்பார். அமெரிக்காவில் ஜேம்ஸ் முல்லர் குழு 1985இல் இதற்கு வழி கண்டது. இதயத்தசை சிதையும்போது கிரியேட்டின் கைனேஸ் எம்பி என்னும் நொதி இரத்தத்தில் கலக்கும். அது ஏறத் தொடங்கிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் அடைப்பு தொடங்கிய நேரம் தெரியும். இவ்வாறு 703 நோயாளிகளிடம் பார்த்தபோது காலை 9 மணியளவில் உச்சமும் இரவு 11 மணியளவில் தாழ்வும் தெரிந்தன; உச்சம், தாழ்வைப்போல் 3 மடங்கு. முன்பே பீட்டா தடுப்பு மருந்து உட்கொண்டு வந்தவர்களிடம் மட்டும் இந்த ஏற்ற இறக்கம் காணப்படவில்லை.

காரணம் ஒன்றன்று. 1987இல் ஜெஃப்ரி டோஃப்லர் குழு, இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை காலையில் கூடுவதைக் கண்டது. ஆனால் விழித்தும் எழாமல் படுத்தே இருந்தவர்களிடம் அது கூடவில்லை. ஃபிராங்க் ஷேர், ஸ்டீவன் ஷீ ஆகியோரின் மங்கலொளி ஆய்வகச் சோதனைகள் உடல் கடிகாரத்தின் பங்கையும் நடத்தையின் பங்கையும் பிரித்துக் காட்டின. இரத்தக் கட்டி கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதம், ஆள் என்ன செய்துகொண்டிருந்தாலும் காலை 6.30 மணியளவில் உச்சம் தொடுகிறது. இரத்த அழுத்தத்தின் உள்ளார்ந்த உச்சமோ இரவு 9 மணியளவில் அமைகிறது. ஆகவே விடிந்ததும் அழுத்தம் எகிறுவது படுக்கையை விட்டு எழுந்து நடமாடுவதன் விளைவு. கட்டி எளிதில் கரையாத வேளையில் அழுத்தமும் ஏறுவதால் காலை உச்சம் உருவாகிறது.

இரவில் தாக்கும் நோய்கள்

எல்லா இதய நோயும் காலையை நாடுவதில்லை. மைரன் பிரின்ஸ்மெட்டல் 1959இல் விவரித்த, இதயத் தமனி இறுகுவதால் வரும் மார்புவலி, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே ஓய்வில் இருப்பவரைத் தாக்கும். உறக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்களிடம் திடீர் இதய மரணம் நள்ளிரவு முதல் காலை 6 மணிக்குள் மிகுதி. 1992இல் புருகாடா சகோதரர்கள் விவரித்த நோய்க்குறியிலும் உயிரிழப்பு பெரும்பாலும் உறக்கத்திலேயே நேர்கிறது; தாய்லாந்திலும் பிலிப்பைன்சிலும் உறங்கப்போன இளைஞர்கள் விழிக்காமற்போவதற்கு நெடுங்காலம் பேயையே காரணமாகச் சொல்லிவந்தனர். டார்வின் ஜெயராஜ், முகேஷ் ஜெயின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு, கேஎல்எஃப்15 என்னும் புரதம் வழியாகக் கடிகாரம் இதயத்தின் மின்னோட்டத்தை ஆள்வதைச் சுண்டெலிகளிடம் காட்டியது. இப்புரதம் இல்லாமற்போனாலும் மிகுந்தாலும் துடிப்பு தாறுமாறாகிறது.

இரவுப்பணி

அமெரிக்கச் செவிலியரிடம் நடந்த, 1995இல் வெளியான ஆய்வில், 6 ஆண்டுகளோ அதற்கு மேலோ சுழற்சி முறையில் இரவுப்பணி செய்தவர்களுக்கு இதயத் தமனி நோய் வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நாளை 28 மணி நேரமாக நீட்டி 10 பேரிடம் செய்த 2009ஆம் ஆண்டுச் சோதனையில், உறக்கமும் உணவும் தலைகீழானபோது சராசரி இரத்த அழுத்தம் 3 விழுக்காடு உயர்ந்தது.

மருத்துவம்

கல்லீரல் இரவில் கொலஸ்ட்ராலை மிகுதியாக ஆக்குவதால், குறுகிய நேரமே வேலை செய்யும் சிம்வாஸ்டாடின் மாத்திரையை இரவில் கொடுப்பது வழக்கம். இரத்த அழுத்த மாத்திரையைப் படுக்கும் முன் சாப்பிட்டால் நல்லது என்ற கருத்தை, பிரிட்டனில் 21,000க்கு மேற்பட்டோரிடம் நடந்து 2022இல் வெளியான டைம் ஆய்வு ஏற்கவில்லை. மறவாமல் சாப்பிட முடிந்த வேளையே போதும்.