எல்ஆர்னா லெஃப்ட்-ரைட் இல்லைங்க!

கார்ல டிஎஸ்பி மாட்டினவங்க இந்த மெனுவை ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க: பிடபிள்யூ 12, பிடபிள்யூ 24, எல்ஆர் 24. எல்ஆர்னா லெஃப்ட்-ரைட்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது ரெண்டு மனுஷங்களோட பேருங்க. இன்னைக்கு அவங்க கதைதான்.

முதல்ல அடிப்படை. ஊஃபரால உச்ச ஸ்வரங்களைச் சரியா கொடுக்க முடியாது. சின்ன ட்வீட்டரால பேஸுக்குத் தேவையான காற்றைத் தள்ள முடியாது. ஒலியைப் பிரிச்சு ஆளுக்கொரு பங்கு கொடுக்கிறதுதான் கிராஸ்ஓவர். சாதாரண கிராஸ்ஓவர் ஆம்ப்புக்குப் பின்னாடி காயிலும் கப்பாசிட்டரும் வெச்சுப் பிரிக்கும். எலக்ட்ரானிக் கிராஸ்ஓவர் ஆம்ப்புக்கு முன்னாடியே பிரிச்சிடும். அதனால ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஆம்ப் சேனல் வேணும்.

1930-க்குப் போவோம். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஸ்டீஃபன் பட்டர்வொர்த், ஃபில்டர்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேண்டிய அலைவரிசையை மேடு பள்ளம் இல்லாம, சமமா அனுப்பும் ஃபில்டர் அது. மெனுவில் இருக்கும் பிடபிள்யூ இவர்தான். அதே வருஷம் அமெரிக்காவில் கால்வின் கம்பெனி, மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது. ரெண்டும் ஒரே டேஷ்போர்டில் சந்திக்கப் பல பத்தாண்டுகள் ஆச்சு.

பட்டர்வொர்த் ஸ்பீக்கருக்காக யோசிக்கல. அவரோட ஃபில்டரில், பிரியும் புள்ளியில் ஒவ்வொரு பக்கமும் 3 டெசிபல்தான் குறையும். பிடபிள்யூ 24 போட்டா ரெண்டும் ஒரே ஃபேஸில் சேர்ந்து, அங்கே 3 டெசிபல் மேடு வந்துடும். பிடபிள்யூ 18 போட்டா கூட்டுத்தொகை சமம்தான். ஆனா ரெண்டு ஸ்பீக்கரும் தள்ளித் தள்ளி இருக்கிறதால, ஒலி நேரா வராம ஒரு பக்கமா சாயும்.

இங்கேதான் நம்ம ஆட்கள் வர்றாங்க. சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் ஜெர்மனியில் பிறந்தவர். கலிபோர்னியாவில் ஹியூலெட்-பேக்கர்டில் இன்ஜினியர். ரஸ் ரைலி அவரோட சக ஊழியர். 1976-ல் லிங்க்விட்ஸ் எழுதிய கட்டுரை வெளியானது. தீர்வு ரொம்ப எளிமை: ரெண்டு பட்டர்வொர்த் ஃபில்டரை வரிசையா போடு. 3-ம் 3-ம் சேர்ந்து 6 டெசிபல் குறையும். 6 டெசிபல் குறைஞ்சா ஒலி அழுத்தம் பாதி. பாதியும் பாதியும் சேர்ந்தா ஒண்ணு. மேடும் இல்லை, சாய்வும் இல்லை.

ஆனா இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: ரெண்டு ஒலியும் காதுக்கு ஒரே நேரத்தில் வரணும். கார்ல ஊஃபர் கதவோட அடியில், ட்வீட்டர் கண்ணாடி ஓரத்தில். 3000 ஹெர்ட்ஸில் ஒரு அலையோட நீளம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். அதில் பாதி தூரம் மாறினாலே ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும். அதனால்தான் அடுத்தவங்க காரோட செட்டிங்கைக் காப்பி அடிக்காதீங்கன்னு சொல்றேன். அது அவங்க கதவை, அவங்க சீட்டை வெச்சுப் போட்ட கணக்கு.

செய்யும்போது வரிசை முக்கியம். முதல்ல ட்வீட்டருக்கு ஹை-பாஸ் போட்டுட்டு, அப்புறம்தான் சத்தம். ட்வீட்டர் நேரா ஆம்ப்பில் இருந்தா காவலுக்குக் கப்பாசிட்டர் கிடையாது. சேனல் மாறி பேஸ் போனா, கருகிடும். அடுத்து எல்ஆர் 24 போட்டு, டிலேயை அமைங்க: 34 சென்டிமீட்டருக்குச் சுமார் 1 மில்லிசெகண்ட். பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரைத்தான் தாமதப்படுத்தணும்.

சரியா வந்துச்சான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. ஒரு பக்கத்து ட்வீட்டரை மட்டும் போலாரிட்டி மாத்துங்க. இப்போ அந்தப் பக்கம் பிரியும் புள்ளியில் சத்தம் பள்ளமா விழணும். பள்ளம் ஆழமா இருந்தா, திருப்பி மாத்தினதும் ரெண்டும் கச்சிதமா சேரும். பள்ளமே விழலைன்னா டிலேயை இன்னும் கொஞ்சம் நகர்த்துங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.