பம்ப் ஸ்டவ் அடைப்பும் ராக்கெட் மண்ணெண்ணெயும்

நேற்று ராத்திரி சாப்பிடும்போது மகள் கேட்டாள்: "அப்பா, நீங்க லேப்ல என்னதான் பண்றீங்க?" நான் வேலை பார்ப்பது ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் சோதனைக்கூடத்தில். "மண்ணெண்ணெய்க்குள்ள என்னென்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்க்கிறேன்மா" என்றேன். "மண்ணெண்ணெய்னா என்ன?" என்றாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்குச் சொன்ன கதையைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எங்க ஊர் காரோடு, பாறசாலைக்குப் பக்கம். 1956 நவம்பர் 1-ல் பக்கத்து விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே வீட்டுக்குள் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். அந்தக் கார்டுக்குக் கிடைத்த நீல நிற மண்ணெண்ணெயில்தான் அம்மாவின் பம்ப் ஸ்டவ் எரிந்தது. சோறு பாதி வேகும்போது தீ மஞ்சளாகும், புகை வரும், பிறகு சத்தம் குறைந்து உட்கார்ந்துவிடும். "மக்களே, அந்தப் பின்னை எடு" என்று அம்மா கூப்பிடுவாள். முனையில் மெல்லிய கம்பி வைத்த தகரத் துண்டு. துளையில் ஒரு குத்து, மறுபடியும் நீலத் தீ. ஒருநாள் அடைப்பு எடுத்ததும் எண்ணெய் பீறிட்டுத் தீ பிடித்தது. அம்மாவின் வலது முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

துளை ஏன் அடைத்தது? ஸ்டவ்வின் சூடான குழாயில் மண்ணெண்ணெய் ஆவியாகிறது. அதிலுள்ள எல்லா மூலக்கூறுகளும் அந்தச் சூட்டைத் தாங்குவதில்லை. சில உடைகின்றன, உடைந்தவை ஒன்றோடொன்று ஒட்டிப் பிசினாகி, கடைசியில் கரியாகப் படிகின்றன. எரிபொருள் சூட்டில் சிதையாமல் இருக்கும் இந்தக் குணத்தைத்தான் வெப்ப நிலைத்தன்மை என்கிறார்கள்.

இதே தொல்லை ராக்கெட்டுக்கும் வந்தது. மண்ணெண்ணெய் ராக்கெட் எஞ்சினுக்குள் தீயின் வெப்பம் 3000 டிகிரி செல்சியசைத் தாண்டும். எந்த உலோகமும் அதை நேரடியாகத் தாங்காது. எனவே எஞ்சின் சுவருக்குள்ளேயே மெல்லிய குழாய்கள் வைத்து, எரியப்போகிற மண்ணெண்ணெயை முதலில் அவற்றின் வழியே ஓடவிட்டுச் சுவரைக் குளிர்விக்கிறார்கள். அந்தக் குழாயில் கரி படிந்தால் சுவரின் சூடு எண்ணெய்க்கு இறங்காது. சுவர் உருகி ஓட்டை விழும். பறக்கிற ராக்கெட்டில் பின் எடுத்துக் குத்த யார் இருக்கிறார்கள்?

ஜெர்மானியரின் வி-2 ராக்கெட் சாராயத்தில் ஓடியது. 1950-களில் அமெரிக்கர்கள் விமான எரிபொருளுக்கு மாறியபோது ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது, குழாய்களில் கரி சேர்ந்தது. ராக்கெட்டுக்கென்று தனி மண்ணெண்ணெய் வேண்டும் என்று 1957-ல் ஆர்பி-1 என்ற தர அளவு வெளியானது. எளிதில் வினைபுரியும் ஒலிஃபின்கள் 1 சதவீதத்துக்குள், அரோமாட்டிக்குகள் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது அது. 1969-ல் சந்திரனுக்கு ஆளனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் முதல் அடுக்கில் எரிந்தது அந்த மண்ணெண்ணெய்தான்.

ஆனால் "ஒலிஃபின்" என்பது ஒரு குடும்பப் பெயர். குடும்பத்தில் குற்றவாளி யார் என்று அது சொல்லாது. மண்ணெண்ணெயில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியது குரோமட்டோகிராஃபி, அதாவது என் பிழைப்பு.

இதைத் தொடங்கியவர் மிகயீல் ஸ்வெத் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். 1903-ல் வார்சாவில் இலைச்சாற்றின் நிறங்களைப் பொடி நிரப்பிய குழாயில் ஊற்றிப் பிரிக்கும் வழியைச் சொன்னார். ரஷ்ய மொழியில் அவர் பெயருக்கே 'நிறம்' என்றுதான் பொருள்! மார்ட்டினும் சின்ஜும் 1941-ல் அதைப் புதுப்பித்து 1952-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். அதே 1952-ல் ஜேம்ஸும் மார்ட்டினும் வாயுவைக் கொண்டு பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

மகளுக்கு இப்படிச் சொன்னேன். திருவிழாவில் எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவின் இந்த முனையிலிருந்து கிளம்புகிறார்கள். வளையல் கடை, மிட்டாய்க் கடை என்று நிற்பவர் பிந்துவார், நிற்காதவர் முந்துவார். மறுமுனையில் நின்று யார் எப்போது வந்தார் என்று குறித்தால் ஆளைப் பிரித்துவிடலாம். 1950-களின் கடைசியில் கோலே அந்தத் தெருவை முடி போன்ற நீண்ட குழாயாக்கினார். 1991-ல் லியூவும் பிலிப்ஸும் ஒரு தெருவின் முடிவில் இன்னொரு தெருவைச் சேர்த்தார்கள். முதல் தெருவில் ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் இரண்டாவதில் பிரிந்தார்கள்.

அதன் பிறகு கேள்வியே மாறியது. 2000-களில் அமெரிக்காவின் போல்டரில் உள்ள என்ஐஎஸ்டி ஆய்வகத்தில், ஆர்பி-1-ஐச் சிறு எஃகுக் கலங்களில் அடைத்து 375 டிகிரிக்கு மேல் சூடாக்கி, என்னென்ன உடைந்து என்னென்ன பிறந்தது என்று குரோமட்டோகிராஃபியில் பார்த்தார்கள். டெட்ராலின் போல ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கும் சேர்மத்தைக் கலந்தால் சிதைவு மெதுவாகிறது என்று தெரிந்தது. கந்தகத்தை ஏறக்குறைய முழுவதும் நீக்கிய ஆர்பி-2-ம் வந்தது.

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். கழக்கூட்டம்–காரோடு பைபாஸின் ஒரு முனைக்கு அருகே தும்பா. 1963 நவம்பர் 21-ல் இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பிய கடற்கரை. மறுமுனை எங்க ஊர். அங்கிருந்து நாகர்கோவில் தாண்டிக் காவல்கிணறு பக்கம் போனால் மகேந்திரகிரி. அங்கேதான் திரவ ஆக்சிஜனும் சுத்திகரித்த மண்ணெண்ணெயும் எரிக்கும் இஸ்ரோவின் 2000 கிலோநியூட்டன் எஞ்சினைச் சோதிக்கிறார்கள். 2023 ஜூலையில் நடந்த முதல் சோதனையை இரண்டு விநாடிக்குள் நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 மார்ச் 28-ல் எஞ்சினின் தலைப்பகுதி 2.5 விநாடி சரியாக எரிந்தது. அந்த மண்ணெண்ணெய்க்கு இஸ்ரோசீன் என்று பெயர். ரேஷன் கடை எண்ணெய்க்கு அது பெரிய இடத்து உறவு.

மகள் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ பாட்டிதான் முதல்ல கண்டுபிடிச்சாங்களா?" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தேன். எந்த லாட்டில் கரி அதிகம் என்று அம்மா வாசனையிலேயே சொல்வாள். அதைக் கருவி வைத்துச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அவளுக்குக் கிடைத்தது தழும்பு.

போனில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். கேஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், அந்தப் பின் இன்னும் அடுக்களை ஆணியில் தொங்குகிறதாம். அடுத்த லீவில் போகும்போது எடுத்து வந்து மகள் கையில் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் இருக்கிறதா, அல்லது தூக்கிப் போட்டுவிட்டீர்களா?