ஆடி: ஒரு விண்மீனின் பெயர்

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடையே, கரிசல் வெளியில் அமைந்த பழைய ஜமீன் ஊர் இளையரசனேந்தல். ‘ஏந்தல்’ என்பது பாண்டிநாட்டு ஊர்ப்பெயர்களில் நீர்நிலையைக் குறிக்கும்; இலக்கியத்தில் அரசனையும் குறிக்கும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழி இந்த மண்ணில் செல்லாது. மலைக்கு அப்பால் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்ட தென்மேற்குக் காற்று, செங்கோட்டைக் கணவாய் வழியாக வறண்டு வந்து புழுதியை வாரியிறைக்கும் மாதமே இங்கு ஆடி. மானாவாரி விதைப்பெல்லாம் புரட்டாசியை ஒட்டித்தான்.

அந்தக் காற்றைக் கண்டவர்கள், எல்லாம் ஆடுவதால் ஆடி என்று பொருள் சொல்வது இயல்பே. பாம்பு வடிவெடுத்துக் கயிலை புகுந்து, சாபம் பெற்று வேம்பாகிய ஆடி என்னும் தேவமங்கையின் கதையும் உண்டு. கதை என்ற அளவில் அது அழகானது. ஆனால் பன்னிரண்டு பெயர்களுள் ஒன்றை மட்டும் பிடுங்கியெடுத்துப் பொருள் காண்பது சொல்லாராய்ச்சி ஆகாது. வரிசை முழுவதையும் நிறுத்திப் பார்க்கவேண்டும்.

அப்படிப் பார்த்தால் விடை நம் திருவிழாக்களிலேயே இருக்கிறது. வைகாசி விசாகம், கார்த்திகையில் கார்த்திகை, தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம். முழுநிலவு எந்த விண்மீனை அடுத்து நிற்குமோ அம்மீனின் பெயரே மாதத்தின் பெயர். தைக்கும் பூசத்துக்கும் ஒலியுறவு இல்லையே என்று தோன்றலாம். பூசத்தின் பழைய வடமொழிப் பெயர் திஷ்யம், அதிலிருந்து வந்ததே தை. ஆனி மட்டும் இந்த வரிசையில் எளிதாக அடங்குவதில்லை. வடக்கே அம்மாதம் கேட்டையின் பெயரால் ஜ்யேஷ்டம் எனப்படும். தமிழ் வழக்கு வேறு வழியில் போயிருக்கிறது.

ஆடிக்கு உரிய மீன் ஆஷாடம். அது முன், பின் என இரண்டு. பூர்வாஷாடம் நம் நாவில் பூராடம் ஆயிற்று. உத்தராஷாடம் உத்திராடம் ஆயிற்று. இரண்டிலும் இடையிலிருந்த ஷகரம் கரைந்து ‘ஆடம்’ எஞ்சியதைக் காணலாம். மீன் ஆடம், மாதம் ஆடி. ச்ராவணம் ஆவணியானதும், ஸஹஸ்ரம் ஆயிரமானது என்று மொழியறிஞர் பலர் கொள்வதும் இதே போக்கில்தான். வடசொல் நேரே வந்து இறங்கவில்லை. பிராகிருத வழியில் தேய்ந்து, தமிழ் ஈறு பெற்று வந்திருக்கிறது.

அந்த ஈறு கவனிக்கத்தக்கது. பன்னிரு மாதப் பெயர்களும் இகரத்திலோ ஐகாரத்திலோ முடிகின்றன, விலக்கே இல்லை. தொல்காப்பியம் உயிர்மயங்கியலில் இவ்விரு ஈற்றுத் திங்கட்பெயர்களுக்கும் ‘இக்கு’ என்னும் சாரியையை விதிக்கிறது. அதாவது நூலாசிரியர் காலத்திலேயே இப்பெயர்கள் தமிழ்ப் புணர்ச்சிக்குள் முழுதாக அடங்கிவிட்டன. ‘கல்யாணத்தை ஆடிக்கு வைக்காதே’ என்னும்போது நாம் இன்றும் ‘ஆடிக்கு’ என்றே சொல்கிறோம். இத்தனை நூற்றாண்டு புழங்கிய சொல்லை அயற்சொல் என்று வெளியேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அவ்வாறு வெளியேற்ற விரும்புவோரின் தரப்பையும் எளிதில் தள்ளிவிட முடியாது. தனித்தமிழ் இயக்கத்தின் பேரறிஞர் தேவநேயப் பாவாணர் 1902இல் பிறந்தது சங்கரன்கோவிலில்தான். தனித்தமிழ் அன்பர்கள் ஆடியைக் ‘கடகம்’ என எழுதுவர். இதில் ஒரு நியாயம் உண்டு. தமிழ் மாதம் சூரிய மாதம். ஞாயிறு கடக ராசியில் புகுவதே ஆடி முதல் நாள். நிலவு மாதத்தின் பெயரைச் சூரிய மாதத்துக்குச் சூட்டியிருப்பது உண்மையில் பொருந்தாச் சட்டை. மலையாளிகள் ராசிப்பெயரையே கொண்டு கர்க்கடகம் என்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலும் கொல்லம் ஆண்டு வழங்கியது; அது ஆவணியில் பிறப்பதால் ஆடியே ஆண்டின் கடைசி மாதம். மலைக்கு இருபுறமும் ஒரே மாதம், இரண்டு பெயர். ஆனால் கடகமும் தூய்மைக்குச் சான்றாகாது. ராசிச் சக்கரமே பாபிலோனில் தோன்றி, கிரேக்கர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. கிரேக்கர்களுக்கும் அது நண்டுதான்.

பொருந்தாச் சட்டை என்றேன். அதைக் கண்ணால் காண உகந்த இடம் சங்கரநாராயணர் கோயில். அரியும் அரனும் ஒன்றாய் நிற்கும் கோலம் வேண்டிக் கோமதியம்மன் தவமிருந்த நாளாகக் கொண்டாடப்படும் ஆடித்தபசு, ஆடி உத்திராடத்தில் நிகழ்கிறது. மாதத்துக்குப் பெயர் தந்த மீனின் நாளே திருநாள்! 2024இல் ஜூலை 21, ஆடி 5 அன்று உத்திராடமும் முழுநிலவும் ஒன்றாகவே அமைந்தன. மறு ஆண்டு அப்படியில்லை. ஆஷாடத்துக்குரிய முழுநிலவு 2025 ஜூலை 10ஆம் நாள், ஆனி முடியுமுன்பே, பூராடத்தில் வந்துபோயிற்று. ஆடித்தபசு ஆகஸ்ட் 7ஆம் நாள் உத்திராடத்தில் நடந்தது. முழுநிலவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஞாயிறு கடகத்தின் முதல் பத்துப் பாகைக்குள் நிற்கும்போது வரும் முழுநிலவுக்கே உத்திராடம் வாய்க்கும். அதைக் கடந்தால் நிலவு திருவோணத்துக்கு நகர்ந்துவிடும்.

தபசு நாளில் சுற்றுவட்டக் கரிசல் ஊர்களின் சம்சாரிகள் தம் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வற்றலையும் கொண்டுவந்து அம்மன் முன் சூறை விடுகிறார்கள். பஞ்சாங்கத்தில் நிலவு எங்கே நிற்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. உத்திராடம் என்றைக்கு என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள்.